தனியா நின்னு ஆம்பளப் பையன வளக்கப் போறீங்களா? மொதல்ல இத பண்ணுங்க

நான் பிரிஞ்சு வந்த அன்னைக்கு பஞ்சாயத்து பேசி முடிச்சிட்டு எங்க பெரியப்பா என் பையன் தோள்ல கைய போட்டு "இனிமே நீதான்டா இந்த வீட்டுக்கு ஆம்பள, அம்மாவ நீதான் பாத்துக்கணும்"னு சொன்னாரு. பையனுக்கு அப்ப 5 வயசு, டவுசர் பட்டன் போட என்னத்தான் கூப்பிடுவான். பெரியப்பா நல்ல மனசோடதான் சொன்னாரு, ஆனா அன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு மேலயும் இவன் தூங்கல, என்னடான்னு கேட்டா "திருடன் வந்தா நான் என்னம்மா பண்ணணும்"னு கேக்குறான்.

அப்புறம் திருப்பூர் வந்து பனியன் கம்பெனில செக்கிங்ல சேந்தேன், 14 வருஷம் ஓடிருச்சு. என் கூட வேலை பாக்குற பொண்ணுங்கள்ல புருஷன் செத்துப்போனவங்க, புருஷன் விட்டுட்டுப் போனவங்க, அடி தாங்காம வந்தவங்கன்னு தனியா புள்ள வளக்குறவங்க நெறைய. புதுசா வர்றவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒண்ணுதான், "அக்கா பையன எப்படிக்கா ஒழுங்கா வளக்குறது, அப்பா இல்லாத புள்ள கெட்டுப்போயிரும்ங்கிறாங்களே". ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன். நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல, தப்பு பண்ணி பண்ணி கத்துக்கிட்டதுதான் எல்லாம்.

மொதல் வேலை: அந்த ஒரு வார்த்தைய வீட்டுக்குள்ள விடாதீங்க

"நீதான் வீட்டு ஆம்பள". இத மாமா சொல்லுவாரு, பாட்டி சொல்லும், ஸ்கூல்ல டீச்சரே சொல்லுவாங்க. சொன்னவங்க கூட சண்டைக்கு நிக்க வேணாம், அவங்க போனதும் பையன உக்கார வச்சு "அவங்க பாசத்துல சொல்றாங்க, ஆனா இந்த வீட்டுக்குப் பெரியவ நான், வாடகை, சாப்பாடு, திருடன் எல்லாம் என் பொறுப்பு, உன் பொறுப்பு உன் பையும் உன் தட்டும்"னு தெளிவா சொல்லிருங்க. ஒரு தடவ சொன்னா பத்தாது, ஒவ்வொரு விசேஷ வீட்டுக்குப் போயிட்டு வந்தப்புறமும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏன் இத மொதல்ல சொல்றேன்னா, சின்னப் பையன "ஆம்பள" ஆக்கிட்டா ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, பயந்து பயந்து வயசுக்கு மீறின கவலையோட வளருவான். இல்லன்னா 13 வயசுல "எங்க போற, யாரு போன்ல"ன்னு நம்மளயே கேள்வி கேக்க ஆரம்பிப்பான், அவன் அப்பா விட்ட எடத்துல இவன் உக்காந்துக்குவான். ரெண்டாவதுதான் நான் அதிகமா பாத்தது. என் கூட வேலை பாத்த ஒருத்தங்களோட பையன் 9ஆவது படிக்கிறப்ப அம்மா போனுக்கு லாக் நம்பர் கேட்டு அடம் புடிச்சான், அவங்க அத "எவ்ளோ பொறுப்பு பாரு"ன்னு பெருமையா சொன்னாங்க. எனக்கு பக்குனு இருந்துச்சு.

இதோட இன்னொரு பக்கமும் இருக்கு, அது நம்ம தப்பு. நைட்டு 10 மணிக்கு மனசு தாங்காம பையன்கிட்ட கடன் கணக்கு, அவங்க அப்பா பண்ணது, மாமியார் பேசினது எல்லாத்தயும் கொட்டுறது. அவன் தலைய ஆட்டி ஆட்டி கேப்பான், கண்ண தொடச்சு விடுவான், நமக்கும் ஆறுதலா இருக்கும், ஆனா அவன் ஸ்கூல்ல போய் உக்காந்து அந்தக் கடனத்தான் நெனச்சிட்டு இருப்பான். அழுகை வந்தா அவன் முன்னாடி அழலாம், தப்பே இல்ல, "அம்மாவுக்கு இன்னைக்கு கஷ்டமா இருக்கு, கொஞ்ச நேரத்துல சரியாயிருவேன்"னு சொன்னா போதும். கதைய கேக்க ஒரு பெரிய மனுஷிய புடிங்க. எனக்கு பக்கத்து மிஷின்ல ஓவர்லாக் ஓட்டுற அக்கா இருந்தாங்க, டீ டைம்ல பத்து நிமிஷம் அவங்கதான் என் கோர்ட்டு.

பேப்பர் வேலைய தள்ளிப் போடாதீங்க

இது புள்ள வளக்குறதுல சேராதுன்னு தோணும், சேரும். பையன் முன்னாடி ஒரு ஆபீஸ்ல "அப்பா கையெழுத்து எங்க"ன்னு நம்மள நிக்க வைக்கிறப்ப அவன் மூஞ்சி போற போக்க பாத்தவங்களுக்குத் தெரியும்.

புருஷன் தவறிட்டாருன்னா இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, விதவைச் சான்று. விட்டுட்டுப் போயிட்டாருன்னா கணவரால் கைவிடப்பட்டவர்ங்கிற சான்று. இ-சேவை மையத்துலயே பதியலாம், விசாரணைக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்)னு ரெண்டு நடை நடக்க வேண்டியிருக்கும். ரேஷன் கார்டுல பேர பிரிச்சு உங்க பேர்ல தனி கார்டு வாங்குங்க, இது இல்லாம அடுத்தது ஒண்ணும் நகராது, 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச 1,000 ரூபா மகளிர் உரிமைத் தொகைக்கே கார்டுதான் அடிப்படை. கம்பெனில பி.எஃப். புடிச்சா நாமினி பேர மாத்துங்க, நெறைய பேருக்கு பிரிஞ்சு பத்து வருஷம் ஆகியும் நாமினி அந்த ஆளு பேர்லயே இருக்கும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கார்டுல பையன் பேர சேத்துருங்க, படிச்சிட்டு இருந்தான்னா 21 வயசு வரைக்கும் அவனுக்கும் வைத்தியம் உண்டு.

பாஸ்போர்ட்டுக்கு அம்மா, அப்பா ரெண்டுல ஒருத்தர் பேர் இருந்தா போதும்னு 2016 டிசம்பர்லயே விதிய மாத்திட்டாங்க. பான் கார்டுலயும் அம்மா மட்டும் வளக்குற புள்ளைன்னா அப்பா பேர் கட்டாயம் இல்லன்னு 2018 டிசம்பர்ல வந்துருச்சு. அம்மாவும் இயற்கையான காப்பாளர்தான், அப்பா உயிரோட இருந்தாலும் பொறுப்பு அம்மா கைல இருந்தா அவங்க கையெழுத்து செல்லும்னு உச்ச நீதிமன்றம் 1999ல கீதா ஹரிஹரன் வழக்குல சொல்லிருச்சு, அந்த வழக்கே ரிசர்வ் வங்கி பத்திரத்துக்கு அம்மா கையெழுத்த ஏத்துக்க மாட்டேன்னதுல வந்ததுதான். கவுண்டர்ல உக்காந்திருக்கவங்களுக்கு இது தெரியாம இருக்கலாம், கத்த வேணாம், "எந்த விதின்னு எழுதிக் குடுங்க சார்"னு கேளுங்க, பாதி எடத்துல ஃபாரத்த வாங்கிக்குவாங்க.

பொறுப்புங்கிறது கைல வரணும்

நான் அதிகமா எழுதப்போறது இதுதான். "பொறுப்பா இரு"ன்னு சொல்லி எந்தப் பையனுக்கும் பொறுப்பு வந்ததில்ல. வீட்டு வேலைல ஒரு துண்ட முழுசா அவன்கிட்ட குடுத்துட்டு நாம கைய எடுத்துரணும்.

நாங்க இருந்தது காம்பவுண்ட் வீடு, ஒரே ரூம், எட்டு வீட்டுக்கு ரெண்டு பாத்ரூம், நல்ல தண்ணி வாரத்துக்கு ஒரு தடவ. ஒன்றரை ஷிஃப்ட்னா காலைல எட்டரைக்குப் போனா நைட்டு எட்டரைக்குத்தான் விடுவாங்க. அதனால இவன் வேலை கத்துக்கிட்டது என் திறமை இல்ல, கட்டாயம். ஆனா எந்த வயசுல எதுன்னு ஒரு வரிசை வச்சிருந்தேன்.

5, 6 வயசுல சாப்பிட்ட தட்ட கழுவி கவுத்துறது, செருப்ப ஓரமா விடுறது, அழுக்குத் துணிய கூடைல போடுறது. இவ்வளவுதான். எண்ணெய் பிசுக்கு இருக்கும், பேசாம இருங்க, அவன் தூங்கினப்புறம் வேணா மறுபடி கழுவிக்கோங்க. 7, 8ல பூண்டு உரிக்கிறது, வீடு கூட்டுறது, பட்டாணி உரிக்கிறது (பாதிய தின்னுருவான்). 10 வயசுல அரிசி கழுவி ஊற வைக்கிறது, 11, 12ல நான் பக்கத்துல நிக்க குக்கர் வைக்கிறது. எங்க வீட்டுல ரேஷன் அரிசிக்கு ஒரு டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணி, நாலு விசில். மொத நாள் வெயிட் போட மறந்துட்டு விசில் வரல வரலன்னு முக்கா மணி நேரம் உக்காந்திருந்தான், அடி புடிச்சு கருகிருச்சு. அத கரி துடைக்க வச்சேன், திட்டல. அன்னைக்கு ரெண்டு பேரும் பிரெட் வாங்கி தின்னோம், இன்னும் அத சொல்லி சிரிப்பான்.

13 வயசுல இருந்து அவன் ஜட்டி பனியன அவனே துவைக்கணும், இதுல மட்டும் நான் கறார். பாட்டி வந்தப்ப "ஆம்பளப் புள்ளைய துவைக்க விடுறியா"ன்னு சண்டை. நான் சொன்னது ஒண்ணுதான், "திருப்பூர்ல பனியன ஆம்பளைங்களும்தானம்மா தைக்கிறாங்க, துவைச்சா தேஞ்சா போயிருவாங்க".

எல்லாத்தயும் விட நல்லா வேலை செஞ்சது கரண்ட் மீட்டர். 9 வயசுல மாசம் பொறந்தா ரீடிங் எடுக்குறது அவன் வேலைன்னு குடுத்துட்டேன். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல காசு. காலண்டர்ல நம்பர எழுதி கழிச்சுப் பாத்துட்டு, "அம்மா 80 வந்துருச்சு, இன்னும் 20 நாள் இருக்கு"ன்னு வருவான். நான் சொல்லாமயே ஃபேன நிறுத்திட்டு வெளிய போக ஆரம்பிச்சான். சனிக்கிழமை சம்பளத்தயும் அவன் முன்னாடிதான் பிரிப்பேன், வாடகை, மளிகை, சீட்டு, அவன் வேன் காசுன்னு தனித்தனி கவர். கடன் எவ்ளோன்னு சொன்னதில்ல, வர்றது எவ்ளோ போறது எவ்ளோன்னு மட்டும். கணக்கு தெரிஞ்ச புள்ள அடம் புடிக்கிறது கொறையும், ஒரேயடியா நிக்காது, 800 ரூபா ஷூவுக்கு மூணு நாள் பேசாம இருந்தான் ஒருத்தன்.

ஒரு எச்சரிக்கை. செஞ்ச வேலைக்கு காசு குடுக்காதீங்க, "என் ராஜா எனக்கு ஹெல்ப் பண்றான்"னு ஊரெல்லாம் சொல்லாதீங்க. ஹெல்ப் இல்ல அது, அவனும் அந்த வீட்டுலதான் சாப்பிடுறான்.

அன்பு எங்க தெரியும்னா

அம்மாகிட்ட பாசமா இருக்குறது பெரிய விஷயமே இல்ல, எல்லாப் பயலும் அம்மாகிட்ட பாசமாத்தான் இருப்பான். அவனால எதுவும் திருப்பிச் செய்ய முடியாத ஆள்கிட்ட எப்படி நடக்குறான்னு பாருங்க.

எங்க காம்பவுண்டுல பீகார்ல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு, புருஷனுக்கு டையிங்ல (சாயப்பட்டறைல) வேலை, 7 வயசுல ஒரு பையன். நம்ம பசங்க எல்லாம் சேந்து அவன "வடக்கன் வடக்கன்"னு கத்தி பந்து பொறுக்க மட்டும் விடுவாங்க, அதுல எம்பையனும் ஒருத்தன், 11 வயசு அப்ப. எனக்கு தெரிஞ்சப்ப கோவம் தலைக்கேறிருச்சு, அடிக்கவும் கை ஓங்கிட்டேன். அடிச்சிருந்தா அவன் நாளைக்கு அந்தச் சின்னப் பையனத்தான் போய் அடிச்சிருப்பான். "அடியாத மாடு படியாது"ம்பாங்க, நாம வளக்குறது மாடு இல்லயே.

உக்கார வச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டேன், "நாம திண்டுக்கல்ல இருந்து வந்தப்ப ஹவுஸ் ஓனர் உன்ன என்ன சொல்லி கூப்பிட்டாரு". அவனுக்கு ஞாபகம் இருந்துச்சு, "ஓடி வந்தவ மவன்". தலைய தொங்கப் போட்டான். மன்னிப்பு கேக்கச் சொல்லி இழுத்துட்டுப் போகல, வாய்ல சொல்ற சாரி ரெண்டு ரூபாய்க்குக் கூட பெறாது. தண்ணி வர்ற அன்னைக்கு அவங்க வீட்டுக்கு ரெண்டு குடம் தூக்கிக் குடு, அந்த அம்மாவுக்கு லைன்ல நிக்கிற முறை தெரியலன்னு மட்டும் சொன்னேன். ரெண்டு வாரம் மூஞ்சிய தூக்கி வச்சிட்டுத்தான் செஞ்சான். அப்புறம் அந்தப் பையனுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்துட்டு இருந்தான். ரொம்ப நல்லவனா மாறிட்டான்னு நெனச்சுராதீங்க, அந்தப் பையன் பௌலிங் நல்லா போடுவான், அதுவும் காரணம்.

கெட்ட வார்த்தை. இது எல்லா வீட்டுலயும் வரும். 12 வயசுல விளையாட்டுல இவன் ஒருத்தன திட்டுனத நான் கேட்டுட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, "அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு சொல்லு"ன்னேன். சொல்ல முடியல. "அதுல யாரத் திட்டுற, அவனயா, அவன் அம்மாவயா? அவங்க அம்மா உன்கிட்ட என்ன பண்ணாங்க?"ன்னு கேட்டேன். நம்ம ஊர் கெட்ட வார்த்தைல முக்காவாசி எவனோ ஒருத்தனோட அம்மாவத்தான் திட்டுது, தனியா இருக்குற அம்மாவோட பையனுக்கு இது சீக்கிரம் புரியும். அவன் ஃப்ரெண்ட்ஸ் கூட பேசுறப்ப பேசாமயா இருப்பான், இருக்க மாட்டான். ஆனா பொம்பளப் புள்ளைங்க முன்னாடி நிறுத்திட்டான், அது வரைக்கும் ஜெயம்.

அப்புறம் "பொட்டச்சி மாதிரி அழாத". இத நாமளே சொல்லிருவோம், பழக்க தோஷம். அழுகட்டும்.

அப்பாவப் பத்தி

சின்ன வயசுல "அப்பா எங்க"ன்னு கேட்டா "துபாய்ல இருக்காரு"ன்னு கதை விடாதீங்க, ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல நேரா பாத்தா என்ன சொல்லுவீங்க. வயசுக்குத் தகுந்த உண்மை. 6 வயசுல நான் சொன்னது, "அப்பாவால குடிய விட முடியல, குடிச்சா அடிப்பாரு, அதனால தனியா இருக்கோம், இதுல உன் தப்பு எதுவும் இல்ல". கடைசி வார்த்தை முக்கியம், புள்ளைங்க தன்னாலதான் பிரிஞ்சாங்கன்னு நெனச்சுக்கும், கேக்காது. கோர்ட்டு பாக்க அனுமதி குடுத்திருந்தா போயிட்டு வரட்டும், வந்ததும் சி.ஐ.டி. மாதிரி விசாரிக்காதீங்க.

சொல்லவே கூடாத ஒண்ணு, "அப்படியே அப்பன் புத்தி". நான் சொல்லிருக்கேன். கணக்குல ஃபெயில் ஆகி மார்க் ஷீட்ட ஒளிச்சு வச்சப்ப சொன்னேன், "உங்கப்பனும் இப்படித்தான் பொய் சொல்லுவான்"னு. அவன் ஒண்ணுமே பேசல, போய் கண்ணாடில மூஞ்சியப் பாத்துட்டு நின்னான். அத நெனச்சா இப்பவும் வயிறு கலங்கும். மறுநாள் மன்னிப்பு கேட்டேன், "நேத்து நான் சொன்னது தப்பு, மார்க் ஷீட்ட ஒளிச்சது தப்பு, ரெண்டும் வேற வேற". நாம மன்னிப்பு கேட்டாத்தான் அவனுக்கும் கேக்கத் தெரியும்.

ஆம்பளத் தொணை வேணுமா

வேணும்தான், ஆனா புருஷனுக்கு பதிலா இல்ல. எங்கண்ணன், அதாவது இவனோட தாய்மாமன், வருஷத்துக்கு நாலு தடவ வந்து முடி வெட்ட கூட்டிட்டுப் போவாரு, கெணத்துல நீச்சல் பழக்கி விட்டாரு. ஸ்கூல்ல பி.டி. சார் ஒருத்தர். போதும். பொம்பளைங்கள மரியாதையா பேசுற ஆளா மட்டும் பாத்துக்கோங்க, மத்த திறமை எல்லாம் அப்புறம்.

ஆனா யாரையும் கண்ண மூடிட்டு நம்பாதீங்க. பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடுக்குறோம், பையனுக்கு யாரும் சொல்லிக் குடுக்குறதில்ல. புள்ளைங்கள பாலியல் கொடுமைல இருந்து காக்குற போக்சோ சட்டம் 2012ல வந்தது, 18 வயசுக்குக் கீழ இருக்குற பையனுக்கும் அது பொருந்தும். எந்த எடத்துல யாரும் தொடக்கூடாது, தொட்டா யாரா இருந்தாலும் என்கிட்ட சொல்லு, நீ திட்டு வாங்க மாட்டன்னு 5 வயசுலயே சொல்லிருங்க, வருஷா வருஷம் சொல்லுங்க. புள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098, அத அவனுக்கே மனப்பாடம் பண்ண வைங்க.

வயசுக்கு வர்றப்ப

பொண்ணு வயசுக்கு வந்தா பந்தல் போட்டு ஊரக் கூப்பிடுறோம், பையன் வயசுக்கு வந்தா வீட்டுல ஒருத்தரும் வாயத் தொறக்குறதில்ல. இவனுக்கு 12 முடியிறப்ப கொரல் ஒடைய ஆரம்பிச்சது. அண்ணன்கிட்ட பேசச் சொன்னேன், அவரு "அதெல்லாம் தானா தெரிஞ்சுக்குவான்"னு நழுவிட்டாரு. தானா தெரிஞ்சுக்குறது எங்கன்னா போன்லயும், காலைல டிவில வந்து "நரம்புத் தளர்ச்சி, வாழ்க்கையே போச்சு"ன்னு பயமுறுத்தி லேகியம் விக்கிற லாட்ஜ் டாக்டருங்ககிட்டயும்தான்.

அதனால நானே பேசினேன். பாத்திரம் கழுவுறப்ப பேசுங்க, மூஞ்சிக்கு நேரா பாக்க வேண்டியதில்ல, அவனுக்கும் சுலபம். தூக்கத்துல விந்து வர்றது இயல்பு, கைப் பழக்கத்தால நரம்பும் போகாது மூளையும் போகாது, போன்ல பாக்குற படம் நடிப்பு, அத வச்சு பொண்ணுங்கள எடை போடாத, அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான். அஞ்சு நிமிஷம். காதெல்லாம் செவந்து போய் "சரிம்மா போதும்மா"ன்னு ஓடிட்டான். என் பீரியட்ஸ் பத்தியும் மறைக்கல, கடைல நாப்கின் வாங்கிட்டு வருவான், கருப்புக் கவர் கேக்க மாட்டான்.

ஒரே ரூம்னாலும் ஒரு தடுப்பு வேணும். கம்பெனில கட்பீஸ் துணி வாங்கி கயித்துல ஸ்கிரீன் போட்டேன், அந்தப் பக்கம் அவன் எடம், நானும் கூப்பிடாம போக மாட்டேன்.

கடைசியா ரெண்டு சண்டை, ரெண்டுலயும் எறங்கி வராதீங்க

ஒண்ணு வண்டி. 14 வயசுல எங்கண்ணனே ஸ்கூட்டி ஓட்டக் கத்துக் குடுத்துட்டாரு. சாவிய புடுங்கி வச்சேன், ஒரு மாசம் பனிப்போர். 2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டப்படி மைனர் ஓட்டி மாட்டுனா பெத்தவங்களுக்கோ ஓனருக்கோ 25,000 அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி பதிவு 12 மாசம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. இத அவன்கிட்டயே படிக்கச் சொன்னேன், "நான் ஜெயிலுக்குப் போனா யாரு சோறு போடுவா"ன்னு கேட்டேன்.

ரெண்டாவதுதான் கஷ்டமானது, ஏன்னா அது பாசமா வரும். பத்தாவது முடிச்ச லீவுல ஒரு நாள், "அம்மா நானும் கம்பெனிக்கு வர்றேன், கைமடி (தைக்கிறவங்களுக்கு எடுபிடி வேலை) அடிச்சாலும் வாரத்துக்கு ரெண்டாயிரம் வரும், நீ ஒன்றரை ஷிஃப்ட் பாக்க வேணாம்"னான். கேக்க எவ்ளோ நல்லா இருக்கு, பெத்த வயிறு குளுந்துரும். திருப்பூர்ல நெறைய பசங்க படிப்ப விட்டது இந்த ஒரு வார்த்தைலதான், அம்மாக்கள் கண் கலங்கி சரின்னு சொல்லிருவாங்க. எனக்கு எங்க பெரியப்பா சொன்னது காதுல கேட்டுச்சு. பத்து வருஷமா நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் அந்த வார்த்தை அவனுக்குள்ள எங்கயோ உக்காந்துட்டுத்தான் இருந்திருக்கு.

"ஒன்றரை ஷிஃப்ட் பாக்குறது என் வேலை, +1 ஃபாரம் வாங்குறது உன் வேலை"ன்னு சொல்லிட்டு சோத்தப் போட்டேன். ரெண்டு நாள் கெஞ்சினான். எறங்கல. அரசுப் பள்ளில 6ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பையன் காலேஜ், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதுல சேந்தாலும் மாசம் 1,000 ரூபா குடுக்குற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு, அந்த வருஷம்தான் இவன் காலேஜ் சேந்தான், பஸ்சுக்கும் மெஸ்சுக்கும் ஏதோ ஆகுது. உங்க பையன் இப்ப 6ஆவதுன்னா எந்த ஸ்கூல்னு முடிவு பண்றப்பவே இத மனசுல வச்சுக்கோங்க.

இப்ப கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கான். நான் ஒருத்திதான், குக்கர்ல அரை டம்ளர் போதும், இன்னும் கை ஒரு டம்ளர் அள்ளிருது. மாசம் ஒண்ணாம் தேதி ஆனா போன் வரும், சாப்பிட்டியான்னு கேக்க மாட்டான் கழுத, "ரீடிங் எடுத்தியாம்மா?"ம்பான். காலண்டர பாத்து நம்பர சொல்லணும், அவன் அங்க உக்காந்து கழிச்சுட்டு "இருபத்தி நாலு யூனிட்தான் ஆயிருக்கு, ஃபேன் போட்டுத் தூங்கு"ன்னு சொல்லிட்டு வச்சிருவான்.